கழுவின காசு

நாணயம் சேர்ப்போர் சங்கத்து மேஜைவிளக்கின் ஒயரைப் பிடுங்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து துணிப்பையில் கொண்டுவந்த தன்னுடைய குண்டு பல்பு விளக்கைச் சொருகினார் ஆரின் தாக்ஸ்டன். மெதடிஸ்ட் சர்ச்சின் பின்கூடத்தில் அந்தச் சனிக்கிழமை காலை முப்பது பேர் இருந்தார்கள். அந்த முப்பது பேரில் ஒருவருக்காவது தங்கத்தைப் பார்க்க எந்த வெளிச்சம் வேண்டும் என்று தெரியுமா? தெரியாது. வெள்ளை டியூப் வெளிச்சத்தில் காசு செத்த மீன் நிறத்தில் தெரியும். அதையும் ஆகா ஓகோ என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கும்பலுக்கு அது போதும் என்று ஆரின் நினைத்தார். உலகத்தில் முக்கால்வாசிப் பேரைப் பற்றி அவருக்கு அந்த அபிப்பிராயம்தான்.

"என்னய்யா ஆரின், கண் ஆஸ்பத்திரியையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார் சங்கத் தலைவர் டப் சாட்டர்ஃபீல்ட். டயர் கடை வைத்திருப்பவர். எந்நேரமும் சிரித்த முகம்.

"உன் டியூப்லைட்டுல பாத்தா உன் பொண்டாட்டியே உனக்கு அடையாளம் தெரியாது, டப்."

"அதுக்குத்தான்யா அந்த லைட்டைப் போட்டதே."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆரின் சிரிக்கவில்லை. டயர் விற்கிறவனோடு சரிக்குச் சரி பேச வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சலிப்பு. அவர் நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை அங்குலம் பிசகினால் இரண்டு குடும்பம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வரும் மலைநாட்டில் முப்பது வருஷம் எல்லைக்கல் நட்டவர். அதே மலைநாட்டில் டலோனிகா ஊரின் பழைய நாணயச்சாலையில் அடித்த தங்கக் காசுகள், கழுகின் காலடியில் பொடியாக 'டி' எழுத்து விழுந்த காசுகள், அவை மட்டும்தான் அவருக்குக் காசு. உள்நாட்டுப் போர் வந்து அந்த நாணயச்சாலை மூடப்படும் வரை இருபத்துச் சொச்சம் வருஷம்தான் அவற்றை அடித்தார்கள். நாற்பது வருஷமாக ஒன்றொன்றாகத் தேடிப் பிடித்திருக்கிறார். பட்டணத்து நாணயச்சாலைகளில் அடித்த காசைக் காட்டினால், மூக்கைச் சுளித்து, "நல்லா இருக்கு, சாக்லேட் சுத்தலாம்" என்பார்.

ஆனால் அவருடைய முழு வெறுப்பும் பிளாஸ்டிக் பெட்டிகள் மேல்தான். இப்போதெல்லாம் யாரும் காசைக் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். அங்கே யாரோ ஒருவன் எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கனத்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே ஒரு சீட்டும் அச்சடித்துத் திருப்பி அனுப்புகிறான். அப்புறம் வாங்குகிறவன் சீட்டைப் படிக்கிறான், விற்கிறவனும் சீட்டைப் படிக்கிறான், காசு நடுவில் சும்மா கிடக்கிறது. ஆரின் அவற்றைச் சோப்பு டப்பா என்பார். அவருடைய காசு ஒன்றுகூட டப்பாவுக்குள் போனதில்லை. தன் கண்ணைவிடப் பெரிய கம்பெனி எது என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்.

வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் மறைப்புப் போட்டியில் மட்டும் அந்த டப்பாக்களைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். பத்துக் காசு, பத்துப் பெட்டி, சீட்டின் மேல் கறுப்பு டேப். ஆளுக்கு ஒரு காசுக்கு இரண்டு நிமிஷம். பார்த்துவிட்டு மார்க்கை ஊகித்துக் காகிதத்தில் எழுத வேண்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகு, போன வருஷம் ஜெயித்தவர் எழுந்து ஒவ்வொரு காசைப் பற்றியும் சபையில் நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் பேசி முடித்ததும் தலைவர் டேப்பை உரிப்பார், மார்க்கைப் படிப்பார், காசுக்குச் சொந்தக்காரர் எழுந்து நின்று கைதட்டல் வாங்கிக்கொள்வார். இதுதான் சங்கத்தின் வழக்கம். ஒன்பது வருஷமாக அந்த நாலு வார்த்தை ஆரினுடையது. அவர் பேசும் நாலு வார்த்தையில் இரண்டு பேருடைய மானமாவது கப்பலேறும். அதைக் கேட்பதற்கென்றே சிலர் வருவார்கள்.

இந்த வருஷம் ஆரினுக்கு அதைவிடப் பெரிய காரியம் இருந்தது. முன்வரிசையில் சாம்பல்நிறக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த பெண், ஆடேர் ஹாலிங்ஸ்ஹெட். அவளுடைய அப்பா மேக்கன் நகரத்தில் பல் டாக்டராக இருந்தவர். டலோனிகா காசுகளை அவர் அளவுக்குச் சேர்த்தவர்கள் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்தான் எவருமில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஆரின் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அனுமதி வாங்கி மேக்கனுக்குப் போனார். அந்த மனிதர் வாசலிலேயே நிற்க வைத்து நாலே நாலு காசைக் காட்டிவிட்டு, "சரி, போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அந்த நாலும் இன்றுவரை ஆரினுடைய கனவில் வருகின்றன. ஜனவரியில் அந்தப் பல் டாக்டர் செத்துப்போனார். விற்பதற்கு முன்னால் காசு முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதித் தர வேண்டும். ஆறு மாத வேலை. அந்த ஆள் யார் என்று முடிவு செய்யத்தான் ஆடேர் வந்திருந்தாள்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க, மிஸ்டர் தாக்ஸ்டன்" என்று காலையிலேயே சொன்னாள். "நான் மாட்டு டாக்டர். எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க. நீங்க பேசறதைக் கேட்டுட்டு, அப்படியே மத்தியானமே பேசி முடிச்சிடலாம்."

"கேளுங்க, கேளுங்க. அப்பாகிட்ட கேக்காததையெல்லாம் கேப்பீங்க" என்றார் ஆரின். மாட்டு டாக்டர் கையில் ஹாலிங்ஸ்ஹெட் காசுகள்! அந்தக் கை எங்கெல்லாம் போய்விட்டு வந்திருக்குமோ. ஆறே மாதம். அந்த ஆறு மாதத்துக்காக அவர் எதையும் கொடுப்பார். செத்தாலும் பரவாயில்லை, அதற்கப்புறம் சாகலாம் என்று தோன்றியது.

பெட்டிகள் வரிசையாக வந்தன. முதல் ஆறு காசும் ஒழுங்கானவை. கெட்டிக்காரத்தனமாகத் திட்டுவதற்கு ஒன்றிலும் இடமில்லை. ஆறையும் பாராட்டிப் பேசினால் யார் மதிப்பார்கள்? ஒன்றையாவது கிழித்துத் தொங்கவிட்டால்தான் நிபுணன் என்று அந்தப் பெண்ணுக்கு உறைக்கும். ஏழாவது பெட்டி வந்தது. 1847, ஐந்து டாலர். கண்ணுக்குப் பூதக்கண்ணாடியை இடுக்கி, விளக்கடியில் ஒரு முறை சாய்த்தார். சுதந்திர தேவியின் கன்னத்தில் பொடிப்பொடியாக இழைக்கோடுகள், ஒரு கூட்டமாக, ஒரே திசையில். எவனோ தேய்த்துக் கழுவியிருக்கிறான். காசு சேர்க்கிறவர்களுக்குக் கழுவின காசு கெட்டுப்போன காசு. பத்து விநாடிகூட ஆகவில்லை. மிச்ச நேரத்துக்குப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, ஆடேர் பார்க்கிறாளா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச எழுந்தபோது கூடம் அடங்கியது. முதல் ஆறையும் நிதானமாகச் சொன்னார். ஆறிலும் மார்க் ஒன்றிரண்டு முன்னே பின்னே சரியாக வந்தது. ஆடேர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். ஏழாவதைக் கையில் எடுத்ததும் ஆரினுக்கே தன் குரலில் ஒரு தனி ருசி வந்துவிட்டது.

"இது ஏழாம் நம்பர். யாரோ ஒரு புண்ணியவான் இதை அடுப்படித் தொட்டியில போட்டு, பாத்திரம் தேய்க்கிற நாராலேயே தேச்சிருக்காரு. கன்னத்தப் பாருங்க, கழுத்தப் பாருங்க, எல்லாம் கோடு. நூத்தம்பது வருஷம் பத்திரமா இருந்த தோலை ஒரு மத்தியானத்துல உரிச்சுட்டாங்க. நான் இதுக்குச் சைபர் போட்டிருக்கேன்."

"ஆரின்" என்றார் டப் மெதுவாக. அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். "இன்னொரு தரம் பாத்துடேன்."

"எதுக்கு? அழுகின முட்டைய ரெண்டு தரம் மோந்து பாக்கணுமா? யாரோடதுன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். இத வெச்சிருக்கிறவங்க இனிமே தங்கத்தத் தொடக் கூடாது. பித்தளை வாங்கிக்கட்டும். தேச்சாலும் ஒண்ணும் ஆகாது."

பின்வரிசையில் நாலைந்து பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். டப் சிரிக்கவில்லை. டேப்பை உரித்தார், சீட்டைக் கண்ணருகில் கொண்டுபோனார்.

"ஐம்பத்தெட்டு" என்றார். "கழுவினதுன்னு போடல. தோல் கெடாததுன்னு தனியா ஒரு முத்திரையும் ஒட்டியிருக்கு."

கூடத்தில் சலசலப்பு. ஆரின் தோளைக் குலுக்கினார். "கம்பெனிக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நான் எத்தனை வருஷமா சொல்றேன்! சொந்தக்காரர் யாரு? எந்திரிங்க, பாக்கலாம்."

காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஆரின் அதுவரை திரும்பியும் பார்க்காத மூலையில், ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. எழுந்தவள் வெர்லீன். ஆறு வருஷத்துக்கு முன்புவரை ஆரினுடைய மனைவியாக இருந்தவள். சனிக்கிழமையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலையிலிருந்து நேராக வந்தவள் மாதிரி நீல ஜாக்கெட்டும் பூட்சுமாக நின்றாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் கூடத்திலிருந்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. விவாகரத்தின்போது ஊரே பேசிய கதை அது. வீடு அவளுக்கு, காசுகள் அவருக்கு, ஆனால் காசுகளில் ஏதாவது ஒன்றை அவள் எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு காசைக்கூடத் தொட்டுப் பார்க்காதவள், தட்டு முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட்டு, 1847 மேல் விரலை வைத்தாள். விலை அதிகமான காசு இல்லை. அதைப்போல நூற்றுக்கணக்கில் ஊருலகத்தில் இருக்கும். ஆனால் ஆரின் முதன்முதலில் வாங்கிய டலோனிகா காசு அதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சுக்குக் கிளம்பாமல் விளக்கடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்த காசும் அதுதான். நீதிபதி முன்னால் ஆரின் அழுதார். உண்மையாகவே அழுதார். வக்கீல் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். டப் அன்றைக்குச் சாட்சியாக அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஜட்ஜ் முன்னாடி என்ன சொன்ன, ஆரின்?" என்றாள் வெர்லீன். குரலை உயர்த்தவில்லை. "இந்த மாதிரி தோல் இன்னொரு காசுல கெடையாது, கண்ணக் கட்டிவிட்டாக்கூட விரலால தடவிச் சொல்லிடுவேன்னு சொன்னல்ல?"

ஆரினுடைய முகத்தில் ஈயாடவில்லை. "நீ கழுவிட்ட" என்றார். "நீதான் கழுவியிருக்க."

"நானா? நான் அத வெளிய எடுத்தே பாத்ததில்லையே. டப்தான் சொன்னாரு, விக்கறதா இருந்தா கம்பெனிக்கு அனுப்புன்னு. அனுப்பினேன், வந்துச்சு. வீட்டுக் கூரை ஒழுகுது, வித்துடலாம்னு இங்க கொண்டாந்தேன். அவ்வளவுதான். உன் காசக் கழுவிக்கிட்டு உக்காந்திருக்க எனக்கென்ன பைத்தியமா?"

சிலர் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒன்பது வருஷமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களின் சிரிப்பு. இவன்களா என்னைப் பார்த்துச் சிரிப்பது, இரும்புக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்கள், என்று ஆரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது ஆடேர் எழுந்து வந்தாள். டப்பின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். பூதக்கண்ணாடி எதுவும் இல்லை. கட்டைவிரல் நகத்தைப் பெட்டியின் முகப்பில் வைத்து மெல்ல இழுத்தாள். கரகரவென்று சின்னச் சத்தம், முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"கோடு காசுல இல்லீங்க" என்றாள். "பிளாஸ்டிக் மேல இருக்கு. நகத்துல தட்டுதே."

டப் கூரையைப் பார்த்தார்.

"அப்பாவோட காசு நூத்தி முப்பதும் இந்த மாதிரிப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, மிஸ்டர் தாக்ஸ்டன்." அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் ஆரினுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "அவசரத்துல பாத்திருப்பீங்க. எனக்கும் ஆகும். போன மாசம் சினைமாட்ட வயித்து உப்புசம்னு சொல்லி மருந்து குடுத்துட்டேன், மறுநாள் கன்னு போட்டுருச்சு. இன்னொரு தரம் நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றத வெச்சு நான் முடிவு பண்ணிக்கறேன்."

பெட்டியை அவர் கையில் வைத்தாள். ஆரின் விளக்கடிக்குப் போனார். சாய்த்தார். கோடுகள் அசையாமல் மேலேயே நின்றன. அவற்றுக்கு அடியில் தங்கத்தின் வெளிச்சம் தன்பாட்டுக்குச் சுற்றி வந்தது. பச்சை ஓடிய மஞ்சள், கழுகின் இறகு இடுக்கில் காவி அழுக்கு, ஏழாவது நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மிளகில் பாதி அளவுக்கு ஒரு தட்டு. அந்தத் தட்டு எப்படி விழுந்திருக்கும் என்று ஒரு காலத்தில் மணிக்கணக்கில் யோசித்திருக்கிறார். ஆறு வருஷமாக இதை அவர் தேடியிருக்கிறார். வேறு நூறு காசுகளில் இந்த நிறத்தைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். இப்போது கையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சைபர் என்றார்.

சொல்லிவிடலாம். இது நல்ல காசு, நான் பார்த்தது தப்பு. ஆறே வார்த்தை. ஆடேர் தலையாட்டுவாள், நோட்டில் எழுதுவாள், மத்தியானம் பேசி முடித்துவிடலாம். மேக்கனில் மேஜை போட்டு உட்கார்ந்து நூற்று முப்பதையும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். அவர் நிமிர்ந்தார். முப்பது முகம். எல்லாம் சீட்டு படிக்கிற முகம். டயர்காரன், எண்ணெய்க்கடைக்காரன், மருமகன் காசில் காசு வாங்குகிறவன். அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ராத்திரி இந்த ஊரில் எத்தனை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இந்தக் கதை பரிமாறப்படும் என்று ஆரின் கணக்குப் போட்டார். நடுவில் வெர்லீன், ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு.

"பிளாஸ்டிக்ல கோடு இருக்கறது வாஸ்தவம்" என்றார். "ஆனா அடியிலயும் இருக்கு. இது கழுவின காசுதான். எப்பவுமே கழுவின காசுதான். வாங்கும்போது எனக்கு இருபத்தொம்பது வயசு, வெவரம் தெரியாம ஏமாந்துட்டேன். அப்புறம் வெளிய சொல்ல வெக்கப்பட்டேன். அவ்வளவுதான் விஷயம்."

சொல்லிவிட்டுப் பெட்டியை மேஜையில் வைத்தார். கொஞ்சம் தள்ளியும் வைத்தார். ஆடேர், "சரிங்க, ரொம்ப நன்றி" என்று நோட்டை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வெர்லீன் முன்னால் நடந்து வந்தாள். பூட்சுச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. பெட்டியை எடுத்தாள்.

"கெட்டுப்போன காசா? அப்ப நல்லதாப் போச்சு. கூரைக்குக் கடன் வாங்கிக்கறேன். என் அக்கா பொண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பெட்டிய ஒடச்சு, சதுக்கத்து நகைக்கடையில குடுத்து, தலையில ஒரு ஓட்டை போட்டு, சங்கிலியில கோத்துக் குடுத்துடறேன். நல்ல காசா இருந்தாத்தான் பாவம். என்ன ஆரின், போடலாமில்ல ஓட்டை?"

அவள் காத்திருந்தாள். நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள் என்பது டப்புக்குத் தெரிந்தது. பிறகு பெட்டியைத் தோள்பைக்குள் போட்டாள். உள்ளே ஒரு கொத்துச் சாவிமேல் அது விழுந்து உரசும் சத்தம் கேட்டது. ஆரின் கண்ணை மூடிக்கொண்டார்.

மிச்ச மூன்று காசையும் பற்றி அவர் என்ன பேசினார் என்று பிற்பாடு யாருக்கும் ஞாபகமில்லை. கேக் வெட்டினார்கள். எல்லோரும் தட்டை ஏந்திக்கொண்டு ஆடேரைச் சுற்றி நின்றார்கள். ஆரின் பக்கம் யாரும் வரவில்லை. அவரும் அவர்களைப் பார்த்து இளக்காரமாக உதட்டைப் பிதுக்க முயன்றார், சரியாக வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெர்லீனுடைய பழைய பிக்கப் வண்டி இன்னும் கிளம்பவில்லை. தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே ஓடினார்.

வண்டிக் கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பலகையில், வெயில் படும் இடத்தில், பெட்டியைச் சாய்த்து வைத்திருந்தாள். ஆரின் கண்ணாடியைத் தட்டினார்.

"அது நல்ல காசு, வெர்லீன்! கழுவல! யாரும் கழுவல! ஓட்டை போட்டுடாத, ஓட்டை மட்டும் போட்டுடாத!"

அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் கத்தினார். எதிர்க்கடை வாசலில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள்.

"எனக்கு எதுக்குய்யா சொல்ற? எனக்குத் தெரியாதா? இருபத்தி ரெண்டு வருஷம் ஞாயித்துக்கெழமை நீ அதப் பாத்த பார்வைய நான் பாத்துக்கிட்டு இருந்தவதானே. உள்ள போய்ச் சொல்லு. எல்லாரும் கேக் தின்னுக்கிட்டு அங்கதான் நிக்கறாங்க."

"வெர்லீன்..."

"நகைக்கடை ஒரு மணிக்கு மூடிடுவான். போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

கண்ணாடி மேலே ஏறியது. அவள் சாவியைத் திருகினாள், வண்டி உறுமிவிட்டு நின்ற இடத்திலேயே ஓடத் தொடங்கியது. முன்பலகை அதிர்ந்ததில் பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெயிலை விட்டு வெளியே போனது. ஆரின் படியேறிக் கதவருகில் வந்தார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தன் ஆரினைப் பார்த்துவிட்டு மற்றவனை முழங்கையால் இடித்தான். சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது. ஆடேர் வாயில் கேக்கோடு திரும்பிப் பார்த்தாள். ஆரின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.